ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட டுரியான்

ஒரு டுரியான் பழம் மரத்திலிருந்து விழுந்த கையோடு ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்பி ஆம்புலன்ஸை வரவழைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வரவழைத்ததோடு விட்டதா? எந்த மலை, எந்தத் தோட்டம், எந்த மரத்தடி என்று வழியும் சொல்லியிருந்தது. வந்தவர்கள் ஓர் இடத்தில்கூட வண்டியை நிறுத்தி யாரையும் விசாரிக்கவில்லை.

இதை நாங்கள் வழக்கமாகக் கூடும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் சொன்னேன். மேசையில் இருந்த மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் என்பதால், என் புளுகில்கூட ஏதாவது ஒரு விதி இருக்கும் என்று அவர்களுக்கு மரியாதை. ஜைனல் மட்டும் ரொட்டி சானாயைக் கிழித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அவர் போக்குவரத்துப் போலீஸிலிருந்து ஓய்வுபெற்றவர். சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்தவர்கள் சொன்ன காரணங்களை வேலைக்காலம் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எதையும் நம்பாத ஒரு முகம் அவருக்கு நிரந்தரமாகிவிட்டது. நாம் காலை வணக்கம் சொன்னால்கூட ஒரு தடவை வானத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார்.

"எந்த ஆஸ்பத்திரி, வாத்தியாரே?"

"டாக்டர் கூ இருக்குற ஆஸ்பத்திரிதான்."

"என் பொண்டாட்டி அங்கதான வேலை பாக்குறா. அதே வார்டு. கார் நிறுத்துற எடத்துல பூனை குட்டி போட்டாக்கூட அன்னிக்கே வந்து சொல்லிருவா. டுரியான் ஆம்புலன்ஸக் கூப்புட்டுச்சுன்னா சொல்லாம இருப்பாளா?"

மனைவி சொல்லவில்லை என்பதுதான் அவருடைய சாட்சி. நான் இன்னொரு தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய டீ, வாங்கிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தேன். ஜைனலுக்கு டுரியான் என்ற சொல்லே கொஞ்சம் வலிக்கும். டாக்டர் கூ அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து வீட்டில் டுரியானுக்குத் தடை. தடை போட்டவர் அவருடைய மனைவி மிஸ்ஸி ரொக்கையா, இதய வார்டின் தலைமைத் தாதி. "நீங்க சாப்பிடாதப்போ எனக்கு மட்டும் என்னத்துக்கு? நானும் தொட மாட்டேன்" என்று அவரும் சத்தியம் செய்துகொடுத்திருந்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் ஜைனலுக்குக் கண் கலங்கும். அது மனைவியின் தியாகத்தை நினைத்தா, பழத்தை நினைத்தா என்று நாங்கள் கேட்டதில்லை.

டாக்டர் கூ பூன் லெங் என் அடுத்த வீட்டுக்காரர். பினாங்குத் தீவில் உள்ள இதயங்களில் பாதி, அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் துடிக்கின்றன. மீதிப் பாதி, அவரைப் பார்க்க எண் வாங்கிக்கொண்டு வெளியே காத்திருக்கின்றன. நான் வேலியோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், நேற்று நான் எத்தனை முறுக்கு தின்றேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அது கணினி. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் திரைக்கு மாற்றிய பிறகு, அவர் இரண்டே விரலால் தட்டித் தட்டி நோயாளியின் கதையை உள்ளே ஏற்றுவார். அதுவரை நோயாளி அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு சீனப் பாட்டி வெளியே வந்து, டாக்டரின் முதுகு நன்றாக இருப்பதாகவும் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் தன் மகனிடம் சொன்னாராம். இன்னொரு பக்கம், நோயாளிகள் கைப்பேசியைக் கேட்டுத் தங்கள் வியாதியைத் தாங்களே முடிவு செய்துகொண்டு, கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் வருகிறார்கள். இதையெல்லாம் சொல்லி அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புலம்புவார். புலம்பும்போதும் கண் மட்டும் மணிக்கட்டில் இருக்கும்.

மணிக்கட்டில் ஒரு கடிகாரம், கைப்பேசி பக்கத்தில் இல்லாமலே செய்தி வாங்கி அனுப்புகிற ரகம். சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஹுய் மின், அப்பா நடக்கவாவது செய்யட்டும் என்று வாங்கிக் கொடுத்தது. அவர் என்ன செய்தார்? வார்டில் உள்ள கருவிகளையெல்லாம் அதோடு இணைக்கச் சொல்லிவிட்டார். அங்கே எவருடைய இதயம் தாளம் தப்பினாலும் இங்கே இவர் கை அதிரும். சாப்பிடும்போது அதிரும். கோயிலில் ஊதுபத்தி பிடித்திருக்கும்போது அதிரும். அவர்கள் குடும்பத்தோடு பார்த்த படங்களுக்கெல்லாம் முன்பாதிக் கதைதான் அவருக்குத் தெரியும். லங்காவியில் விடுமுறைக்குப் போனபோது கழுத்தளவு கடலில் நின்றுகொண்டு கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்து இரத்தம் மெலிக்கும் மருந்தின் அளவு சொல்லியிருக்கிறார். கலங்கரை விளக்கம் என்று நினைத்து இரண்டு படகுகள் திரும்பிப் போயின.

அவர் மனைவி ஸ்வீ சூ சண்டை போடுகிற பெண்மணி அல்ல. கணவருடைய ஓய்வு வயது தாண்டிய பிறகும் ஆஸ்பத்திரி நிர்வாகம், துறைத்தலைவராக இன்னொரு தவணை இருங்கள் என்று தாளை நீட்டியபோதுகூட அவர் குரலை உயர்த்தவில்லை. நான் அப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரே ஒரு நாள், பூன். ஆ தியோங் தோட்டத்துல காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்கூட ஒக்காந்து டுரியான் சாப்பிடு. ஆஸ்பத்திரி நெனப்பே இல்லாம இருந்துட்டா நீ கையெழுத்துப் போட்டுக்கோ, நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலன்னா நாற்காலிய ஹாஸிக்குக்குக் குடுத்துட்டு வீட்டுக்கு வா."

ஹாஸிக் என்பவர் டாக்டர் கூவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் டாக்டர். "நல்ல பையன், இன்னும் கொஞ்சம் பழுக்கணும்" என்பது அவரைப் பற்றி டாக்டர் கூவின் கணிப்பு. அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

டாக்டர் கூ சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஒரு நாள்தானே. நடுவராக என்னைப் போட்டார்கள், உண்மையைத் தவிர வேறு எதையும் பேசாதவன் என்பதால்.

இந்த இடத்தில் ஜைனலுக்குத் தே புரையேறியது. முதுகில் தட்டிவிட்டுத் தொடர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவ் மலையேறினோம். தோட்டத்து வாசலிலேயே ஸ்வீ சூ ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். முதலில் தன் கைப்பேசியைப் போட்டார், பிறகு என்னுடையது, கடைசியில் டாக்டருடையது. டின்னைக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். கணவரின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். வெறுங்கை. வெயில் படாத பட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். சொன்னபோது அவர் முகம், பரீட்சையில் தொடைக்குக் கீழே தாள் வைத்திருக்கும் மாணவனின் முகம் போல அவ்வளவு பரிசுத்தமாக இருந்தது.

அவர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அங்கே பெரிய கலவரம். டுரியான் தின்ன வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவருடைய நோயாளிகள். அவர் வேண்டாம் என்று சொன்ன பழம் அத்தனை பேர் வாயிலும். ஒருவர் கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு அம்மாள் முள்ளோடு முழுப் பழத்தையும் மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு, பேரக் குழந்தை தூங்குவதாகச் சொன்னார். டாக்டர் எல்லோருக்கும் கையசைத்தார். இன்று தான் விடுமுறையில் இருப்பதாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவர்கள் அதுவரை அவரை விடுமுறையில் பார்த்ததில்லை.

டுரியான் தோட்டத்தில் ஒரு நியதி உண்டு. பழத்தைப் பறிக்கக் கூடாது, கிளையை உலுக்கக் கூடாது. பழமாக மனது வைத்து விழ வேண்டும். அதற்காகவே மரத்தடியில் ஆள் உயரத்துக்கு வலை கட்டியிருப்பார்கள். தோட்டக்காரர் ஆ தியோங்கிடம் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டர் கேட்டார். ஆ தியோங் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுகிட்ட நான் எப்புடி டாக்டர் கேக்குறது?" என்றார். வாழ்நாளில் யாருக்காகவும் காத்திராத மனிதர், அன்று ஒரு காய்க்காகக் காத்திருந்தார்.

காத்திருக்கும்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தது. எறும்பு என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எறும்பு. ஒவ்வொரு எறும்புக்கும் பிறகு தோட்டத்துப் பலகைக் குடிசைக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். ஸ்வீ சூவுக்குச் சிரிப்பு போய்க் கவலை வந்துவிட்டது. ஆண்களுக்கு இந்த வயதில் வருகிற தொந்தரவு ஏதாவதா, தன்னிடம் சொல்லாமல் மறைக்கிறாரா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். விசாரித்து வருகிறேன் என்று நான் குடிசைக்குப் பின்னால் போனேன்.

அங்கே, இந்தத் தீவின் மூத்த இதய மருத்துவர், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றொரு காலை மடக்கி, கணுக்காலைக் கண்ணுக்கு எதிரே பிடித்திருந்தார். அந்த வயதில் அப்படி வளைய சர்க்கஸில்கூட ஆள் கிடைக்காது. காலுறைக்கு உள்ளே கடிகாரம்.

"வாத்தியாரே, ஜன்னல் ஓரத்துக் கட்டில்," என்று கிசுகிசுத்தார். "பஸ் ஓட்டுனவரு. காலைலேர்ந்து துடிப்பு ஒழுங்கா இல்ல. ஹாஸிக் என்ன பண்றான்னே தெரியல. இந்தக் கருமம் துடிப்பு தப்புதுன்னு சொல்லுது, சரியாச்சான்னு சொல்ல மாட்டேங்குது."

நடுவர் என்பவர் தனக்குக் காட்டப்படுவதை மட்டுமே பார்க்க வேண்டும், காலுறைக்குள் இருப்பதைப் பார்க்கக் கூடாது என்று நான் அங்கேயே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன். திரும்பி வந்து ஸ்வீ சூவிடம் எறும்புதான் என்றேன்.

ஆனால் விதி, ஆ தியோங் வடிவில் வந்தது. முந்தின நாள் மழை. கால் முழுக்கச் சேறு. பலகைக் குடிசைக்கு மேலே ஏறி உட்காருங்கள், பழம் விழும் நேரம், ஆனால் செருப்பும் காலுறையும் கீழேயே இருக்கட்டும் என்றார். ஸ்வீ சூ மேலே ஏறிப் பாயைத் தட்டிக் கணவரைக் கூப்பிட்டார். டாக்டருக்கு வேறு வழியில்லை. இன்னொரு முறை குடிசைக்குப் பின்னால் ஓடினார். அங்கே அந்தப் பெரிய மரத்தின் வலை இருந்தது. வலையை இழுத்துக் கட்டிய கயிறு அவர் மணிக்கட்டளவு தடிமன். கடிகாரத்தைக் கழற்றி அந்தக் கயிற்றில் இறுக்கிப் பூட்டிவிட்டு, வெறுங்காலோடு, நல்ல பிள்ளையாக வந்து பாயில் உட்கார்ந்தார்.

"கையில இல்லாத வாட்சு என்ன வேலை செய்யும்?" என்றார் ஜைனல். "அது ஒடம்பத் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் வேலை செய்யும். என் மருமகன் வச்சிருக்கான்."

"கயித்தைக் கைன்னு நெனச்சுக்கிச்சு. அவ்வளவு நேரமா ஒரு மனுசன் ஆடாம அசையாம இருக்கார்னா, டாக்டர் கடைசில ஓய்வெடுக்கிறார்னு அதுக்குச் சந்தோசமாக்கூட இருந்திருக்கும்."

அப்போதுதான் பழம் விழுந்தது. ஆங் ஹே ரகம். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் ஒரு தவில் அளவு. வலையில் விழுந்த வேகத்தில், மழையில் ஊறிய முடிச்சு விட்டுவிட்டது. கயிறு, கடிகாரத்தோடு போய்த் தண்ணீர்த் தொட்டிக் கல்லில் மோதியது. எங்களுக்குக் கேட்டது 'தொம்' என்ற சத்தம் மட்டும். எல்லோரும் கை தட்டினோம். குடிசைக்குப் பின்னால் கடிகாரம், 'நீங்கள் பலமாக விழுந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே, நலமா?' என்று கயிற்றைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. கயிறு பதில் சொல்லவில்லை.

ஆ தியோங் அந்தப் பழத்தையே பிளந்தார். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகச் சுளைகள். நான் வாயில் போட்ட மாத்திரத்தில், என் மறைந்த தலைமையாசிரியரையே மன்னித்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் கூ ஒரு சுளை எடுத்தார். இன்னொன்று எடுத்தார். கால் இழுக்கவில்லை, எறும்பு கடிக்கவில்லை. கேட்காத இடத்தில் எது அதிர்ந்தால் என்ன? அவர் தன் சின்ன வயதில் அண்ணனும் அவரும் டுரியான் திருடப் போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். ஆரம்பித்த கதையை முடிக்கவும் செய்தார். ஸ்வீ சூ அந்தக் கதையின் முடிவைக் கல்யாணமானதிலிருந்து கேட்டதில்லை. விரலைச் சூப்பிக்கொண்டிருந்த கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றவரை நான் பார்த்ததில்லை.

பிறகு மலைப்பாதையில் சைரன் கேட்டது.

நோயாளிகள் எல்லோரும் கையிலிருந்த சுளையைக் கீழே போட்டார்கள். ஆம்புலன்ஸ் தங்களைத்தான் தேடி வருகிறது, டாக்டர்தான் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பெரியவர், எதற்குச் சிரமம் என்று தானாகவே பாயில் நீட்டிப் படுத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் நேராக எங்கள் மரத்தடியில் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஒரு மிஸ்ஸி குதித்தார், பின்னால் இரண்டு பேர் தூக்குக் கட்டிலோடு. ஜைனலிடம் நான் 'ஒரு மிஸ்ஸி' என்று மட்டும்தான் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன், அது ரொக்கையாதான்.

ஏணியில் பாதி ஏறியவர், இரண்டு கையிலும் மஞ்சள் வழிய உட்கார்ந்திருந்த டாக்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மூச்சிரைத்தது.

"டாக்டர், நீங்க விழுந்துட்டீங்க."

"நான் எங்க விழுந்தேன்? சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"இல்ல டாக்டர். பலமா விழுந்து, அசைவில்லாமக் கெடக்குறீங்க. ஒங்க வாட்சு எனக்கு எடம் போட்டு மெசேஜ் அனுப்பிருச்சு. போன் அடிச்சேன், எடுக்கல. மேடம் போனும் எடுக்கல. நான் என்னன்னு நெனக்கிறது?"

மிஸ்ஸியின் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் வெறும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். காட்டிய பிறகுதான் அது தவறு என்று அவருக்கு உறைத்தது. ஸ்வீ சூ சுளையைக் கீழே வைத்தார்.

"வாட்சு வீட்டுல இருக்குல்ல, பூன்?"

அதற்குள் ஆ தியோங், அவிழ்ந்த கயிற்றோடு கடிகாரத்தையும் கொண்டுவந்து, இது யாருடையது, என் வலை கட்டியிருக்கிறதே என்று கேட்டார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அப்போதும் அது நலமா நலமா என்று அதிர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஸ்வீ சூ கடிகாரத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. மிஸ்ஸியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"செய்தி ஒங்களுக்கு ஏன் வந்துச்சு? பக்கத்துல நான் ஒக்காந்திருக்கேன்."

மிஸ்ஸி சங்கடத்தோடு தன் கைப்பேசியைக் காட்டினார். ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அவருடைய பெயர் மட்டும்தான் இருந்தது. வேறு பெயரே இல்லை. டாக்டர் கூ இருமினார்.

"ஹுய் மின் அதைச் சரிபண்ணும்போது கேட்டா, நீங்க விழுந்தா யாருப்பா வரணும்னு. எப்பவும் ட்யூட்டில இருக்கறவங்க யாருன்னு யோசிச்சேன். மிஸ்ஸி பேரச் சொல்லிட்டேன், சூ. வேற ஒண்ணும் நெனக்கல."

"நான் இத்தன வருசமா லீவுலயா இருந்தேன்?" என்றார் ஸ்வீ சூ.

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் படுத்திருந்த பெரியவர்கூட எழுந்து உட்கார்ந்தார்.

டாக்டர் பந்தயத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். தான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிதான் தன்னைத் தேடி வந்தது, இது பந்தயத்தில் இல்லை என்று என் பக்கம் திரும்பி வாதாடினார். தீர்ப்புச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு பழம் தேவைப்படும் என்றேன். ஆனால் அவருக்கு வாதம் முக்கியமில்லை. உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"மிஸ்ஸி, அந்த ஜன்னல் ஓரத்துக் கட்டில்? பஸ் ஓட்டுனவரு?"

"அவரா? டாக்டர் ஹாஸிக் காலைலயே மருந்த மாத்திட்டாரு. நல்லாயிட்டாரு. ஒங்களுக்குச் சொல்லலாமான்னு கேட்டேன். டாக்டர் பல வருசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் குடும்பத்தோட போயிருக்காரு, தொந்தரவு பண்ண வேணாம்னுட்டாரு. பெருசு இப்ப ஒக்காந்துக்கிட்டு டுரியான் கேட்டு அடம்புடிக்குது."

டாக்டர் கூவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். நோயாளி பிழைத்ததில் நிம்மதி, தான் இல்லாமலே பிழைத்ததில் அவமானம். இரண்டும் ஒரே முகத்தில் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. கடைசியில் நிம்மதிதான் ஜெயித்தது, கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்.

"நடுவரே, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார் என்னிடம். "நான் தோத்துட்டேன். காலைலயே தோத்துட்டேன், எறும்பு கடிச்சப்பவே." கடிகாரத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "அதுல ஒன் பேரைப் போடு, சூ. மிஸ்ஸி பேரு வேணாம். அவங்களுக்கும் ஒரு வீடு இருக்கு."

ஸ்வீ சூ கடிகாரத்தை வாங்கவில்லை. ஒரு சுளையை எடுத்து மிஸ்ஸியின் கையில் வைத்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ஒன்று, தூக்குக் கட்டில்காரர்களுக்கு ஒவ்வொன்று. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் கடிகாரத்தை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார், கார்ச் சாவிக்குப் பக்கத்தில்.

"அப்புறம் நாற்காலி?" என்றார் ஜைனல். நம்பாவிட்டாலும் கதையின் முடிவு அவருக்கு வேண்டியிருந்தது.

நாற்காலி ஹாஸிக்குக்குப் போய்விட்டது. டாக்டர் கூ இப்போது காலை நேரத்தில், அதுவும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் போகிறார். மற்ற நாளெல்லாம் வீடு. ஸ்வீ சூ உப்புப் போட்டால் ஒரு பார்வை. எண்ணெய் ஊற்றினால் ஒரு பார்வை. மீன் பொரித்தால் அதன் கொழுப்பைப் பற்றி ஒரு விரிவுரை. போன வாரம் ஸ்வீ சூ வேலிக்கு வந்து, நிர்வாகத்தில் யாரையாவது தெரியுமா, அவருக்கு அங்கே சின்னதாக ஒரு வேலை போட்டுத் தரச் சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மலையேறிவிடுகிறார்கள். ஒருவர் காலுறையை மற்றவர் சோதிப்பதாகக் கேள்வி.

இதோடு முடிக்கத்தான் நினைத்திருந்தேன். ஜைனல் விடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போலீஸ்காரராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி, வாத்தியாரே. டாக்டரும் அவரு சம்சாரமும் ஒங்க பக்கத்து வீடு. தோட்டக்காரன் ஒங்க கூட்டாளி. வெளியாள் சாட்சி ஒருத்தரு வேணும். வந்த மிஸ்ஸி என்ன பண்ணாங்க? அதச் சொல்லுங்க. சொல்ற விதத்துலயே நெசமா பொய்யான்னு நான் கண்டுபுடிச்சிருவேன்."

அன்று மிஸ்ஸி கிளம்பும் முன் எங்கள் எல்லோரிடமும் ஒரு வாக்கு வாங்கியிருந்தார், ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் இதைச் சொல்லக் கூடாது என்று. நான் அவர் பெயரைச் சொல்லப் போவதில்லையே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில் என்ன குற்றம்?

"மொதல்ல வேணாம்னாங்க. வீட்டுல சத்தியம் பண்ணிருக்கேன்னாங்க. ஸ்வீ சூ கையில வச்ச சுளைய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒண்ணு சாப்பிட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க யாரும் எண்ணல. அந்த மரமே கொஞ்சம் நிமிந்துச்சுன்னா பாத்துக்குங்க, பாரம் கொறஞ்சு. கடைசில தோலுல உப்புத் தண்ணி ஊத்திக் குடிச்சாங்க, சூடு தணியறதுக்கு. சாப்பிட்ட வேகத்துல வெள்ளச் சட்டையில சொட்டிருச்சு. நல்ல மஞ்சக் கறை."

ஜைனல் கையில் எடுத்த கோப்பை பாதி வழியில் நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"எது?"

"கறை. எந்தப் பக்கம் சொட்டுச்சு?"

"எடது பக்கம். பேனா சொருகுற பையிக்குக் கீழ."

கோப்பையை மேசையில் வைத்தார். அவருடைய அந்த நிரந்தர முகம், என் கண் முன்னாலேயே, ஒவ்வொரு சுருக்கமாகக் கழன்று விழுந்தது.

"கட்டுப் போடுற மருந்துன்னு சொன்னா," என்றார். "அவசர கேஸுன்னும் சொன்னா. வீடு முழுக்க டுரியான் வாசனை. கேட்டேன். நோயாளி மேல வந்த வாசனைன்னா. பாவம், அசதியா வந்திருக்காளேன்னு அந்தக் கறைய நான்தான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுத் தேச்சுத் தொவச்சேன். இன்னும் முழுசாப் போகல."

பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தே தாரிக்கின் நுரையைப் பார்த்தேன். ஜைனல் எழுந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, அதைச் சரிசெய்துகொண்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சாட்சி சொல்பவர் போலச் சொன்னார்.

"நடந்துருக்கு. வாத்தியார் சொன்னது அத்தனையும் நடந்துருக்கு."